சொத்தைப் படகு

"அந்தப் படகை வித்துத் தொலைங்க. இல்லேன்னா எங்கப்பாவை விட்டுடுங்க!"

சாப்பாட்டு மேஜையில் பாப்பா வெடித்தாள். நாற்பது வயதாகியும் அப்பாவுக்கு அவள் பாப்பாதான். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

"மெதுவா பேசு. மாமா காதுல விழப்போகுது," என்றான் கணவன்.

"விழட்டுமே! எழுபது தாண்டின மனுஷன். மூட்டுவலி வேற. அவரை வாரா வாரம் படகுக்குள்ள மல்லாக்கப் படுக்க வச்சு ஓட்டை தேட விடறீங்க. போன வாரம் முழங்கையைச் சிராய்ச்சுக்கிட்டு வந்தார். ஒரு ஆளைக் கூப்பிட்டுச் சரி பண்ண உங்களுக்கு என்ன கேடு?"

"மாமா கை மாதிரி யாருக்கும் வராது," என்றான் தட்டைப் பார்த்துக்கொண்டே.

அதென்னவோ உண்மைதான். அப்பா ஓய்வு பெற்ற பல் டாக்டர். ஊரையே நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்தவர், அம்மா போன பிறகு தன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. சவரம் கிடையாது, பேச்சு கிடையாது. "சாப்பிடறீங்களா?" என்றாலும் "ம்", "வேண்டாமா?" என்றாலும் "ம்".

அவரை எழுப்பியது மாப்பிள்ளையின் அந்தச் சின்னப் பாய்மரப் படகுதான். ஒருநாள் அதற்குள் கணுக்கால் அளவு தண்ணீர். "மாமா, கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்று மாப்பிள்ளை கெஞ்ச, வேண்டாவெறுப்பாக வந்தவர், அந்தத் தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்தார்.

"சீ! என்னப்பா இது?" என்று முகம் சுளித்தாள் பாப்பா.

"உப்புக் கரிக்குது. கடல் தண்ணி. அப்போ சொத்தை அடியிலதான் இருக்கு," என்றார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முழுப் பேச்சு அது.

அப்புறம் பார்க்க வேண்டுமே! உள்ளே ஒரு சொட்டு விடாமல் துடைத்தார். முகப் பவுடரை எடுத்து அடிப்பக்கம் முழுக்கத் தூவினார். பவுடரில் ஈரம் கோடு போட்டுக்கொண்டு வர, அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே தவழ்ந்து போனார். பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை இடுக்கில் நுழைத்து ஆளைப் பிடித்தும்விட்டார். கைகழுவும் தொட்டியின் குழாய் படகின் அடியைத் துளைத்து வெளியே போகும் இடம். சுற்றிலும் பூசியிருந்த பசை வெடித்திருந்தது.

படகைக் கரையேற்றச் சொன்னார். பழைய பசையைச் சொத்தைப் பல்லைக் குடைவது போலச் சுரண்டியெடுத்து, புதுப் பசையால் அடைத்தார். "ரெண்டு மணி நேரத்துக்கு எதுவும் சாப்பிடக் கூடாது" என்று படகைத் தட்டிக்கொடுத்தார். அன்று பாப்பா சிரித்த சிரிப்பு கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. கொஞ்ச நாளில் மறுபடி தண்ணீர். அடுத்த வாரமும் தண்ணீர். அப்பா ஜன்னல் விளிம்பு, சுக்கான் தண்டு, அடி போல்ட் என்று ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே போனார். முழங்கை சிராய்ந்ததும் பாப்பாவின் பொறுமை போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை, "நான் முன்னாடி போய்ப் படகைத் திறந்து வைக்கிறேன். மாமா மெதுவா வரட்டும்," என்று கணவன் கிளம்பினான். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று பாப்பாவும் பின்னாலேயே போனாள்.

படகுத்துறையில் அவன் குனிந்து நின்றிருந்தான். கையில், கரையிலிருந்த குழாயில் மாட்டிய ரப்பர் ஹோஸ். தண்ணீர் தாராளமாகப் படகுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"அடப்பாவி!"

ஹோஸ் கைநழுவி அவன் சட்டையையே நனைத்தது.

"கத்தாதே, சொல்றேன். மாமா முதல்ல அடைச்சாரே, அதோட ஓட்டை சரியாயிடுச்சு. அப்புறம் ஒரு சொட்டு வரல. ஆனா அவர் மறுநாளே பழையபடி நாற்காலியில போய் உட்கார்ந்துட்டார். கேட்டா 'ம்'கூட வரல. எனக்கு வேற வழி தெரியல."

பாப்பாவுக்கு, தான் வாய்க்கு வந்தபடி திட்டியதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. இப்படி ஒரு மனுஷனையா அப்படிப் பேசினோம் என்று வெட்கமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹோஸை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"அந்த மூலையில இன்னும் கொஞ்சம் ஊத்துங்க. போதல."

சற்று நேரத்தில் அப்பா வந்தார். மழமழவென்று சவரம், சட்டைப் பையில் குட்டிக் கண்ணாடி. படகுக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு, "அட, இந்த வாரமும் விட்டு வைக்கலையா!" என்று சட்டைக் கையை உற்சாகமாகச் சுருட்டினார். வாளி எடுத்துவர மாப்பிள்ளை கரைக்குப் போனான்.

"உங்களுக்குத்தான்பா கஷ்டம். எப்பத்தான் இந்த ஓட்டை தீருமோ," என்றாள் பாப்பா, முகத்தை வெகு சிரமப்பட்டு நேராக வைத்துக்கொண்டு.

மாப்பிள்ளை தூரத்தில் இருக்கிறானா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு, அப்பா அவள் காதருகே குனிந்தார்.

"உன் வீட்டுக்காரர் தங்கமான மனுஷன், பாப்பா. எனக்காக இவ்வளவு மெனக்கெடறாரேன்னுதான் நானும் வாரா வாரம் எழுந்து வரேன். நான் சொன்னேன்னு சொல்லாதே, நீயா சொல்ற மாதிரி சொல்லு. அடுத்த தடவை ரெண்டு கை உப்பு போட்டு ஊத்தச் சொல்லு. ரெண்டாந்தடவையிலேருந்தே தண்ணி சப்புன்னு இருக்கு."