நாலு சுண்டைக்காய்

பெருந்துறையில் பம்பு கம்பெனி ஒன்றில் லேத் ஓட்டும் மனோஜ்குமார், மூன்று வருஷம் ஞாயிறுதோறும் உட்கார்ந்து, முழங்கை நீளத்தில் ஒரு பெட்ரோல் காரைக் கையாலேயே செய்து முடித்துவிட்டான். கதவு பூட்டும், கைபிரேக் பிடிக்கும். டிரைவர் சீட்டு மட்டும் முன்னும் பின்னும் நகராமல் சிக்கிக்கொண்டிருந்தது.

புது வண்டிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டுமே. இந்த வண்டிக்கு அது பெரிது என்று அவன் மனைவி லோகப்பிரியா நாலு சுண்டைக்காய் வைத்தாள். அரிசியளவு சாவியை அவன் இடுக்கியால் திருகி, அதை அப்படியே விட்டுக் கதவைச் சாத்தினான். காய்கள் நசுங்க, கார் சீறிக்கொண்டு போய் வாசல் கேட்டருகே நின்றது. இருவரும் பின்னாலேயே ஓடினார்கள்.

லோகப்பிரியா குனிந்து பார்த்தாள். "ஏனுங்க, கைபிரேக் போட்டிருக்குதுங்க. சீட்டும் முன்னால வந்திருக்குது."

"நகந்துருச்சா? ஒருக்கா ஓட்டிப்போட்டா எல்லாம் சரியாயிரும்னு சொன்னனில்ல கண்ணு." அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுபடி ஓட்டிப் பார்க்கக் கதவிடுக்கில் நகத்தை வைத்தான்.

கதவு பூட்டியிருந்தது. கண்ணாடி வழியே பார்த்தான். சாவி உள்ளே இல்லை.