எரிச்சல் நின்றுவிட்டது

“போயே போச்சு” என்று சொல்லி, தாயுமானவன் வலது பாதத்தைத் தூக்கிச் செல்போன் முன்னால் காட்டினார். ஓசூரில் இருக்கும் மகள் பானுப்ரியாவுக்கு வீடியோ காலில் அப்பாவின் முகத்துக்கு முன்னால் குதிகால்தான் தெரிந்தது.

“என்னப்பா போச்சு?”

“எரிச்சல்மா. பத்து நாளா சுத்தமா இல்ல. எல்லாம் அந்த யூட்யூப் எண்ணெய்தான்.”

ஸ்ரீரங்கத்தில் அந்த வீட்டில் ஒரு வருஷமாக வேறு பேச்சே கிடையாது. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் தாயுமானவன். சர்க்கரை வந்தது, கூடவே கால் எரிச்சலும் வந்தது. நெருப்பில் நிற்கிற மாதிரி இருக்கிறது என்று ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே இருப்பார். மனைவி உமாமகேஸ்வரி ஈரத்துணியைச் சுற்றிவிட்டுப் பக்கத்திலேயே விழித்திருப்பாள். அவர் போனில் வைத்தியம் தேடிக்கொண்டிருப்பார்.

துறையூரில் இருக்கும் அவருடைய அண்ணன் நல்லதம்பிக்கும் இதே சர்க்கரைதான். போன தை மாதம் அவருக்கு ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து, தன் கால் தனக்கு மிஞ்சுமா என்பது ஒன்றுதான் தாயுமானவனின் பயம். வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அவர் தேடியதெல்லாம் அதற்காகத்தான்.

“நான் அனுப்பின லிங்க்கைப் படிச்சீங்களா? ஒரு டாக்டர் தமிழ்லயே விவரமா எழுதியிருந்தாரே.”

“பாதி படிச்சேன். எரிச்சல் எப்படிக் குறையும்னு போட்டிருந்தார். அதான் குறைஞ்சிடுச்சே, மீதி எதுக்கு?”

இந்த மனுஷரை என்ன சொல்வது? எண்ணெய் காய்ச்சுகிற வீடியோவை விளம்பரத்தோடு சேர்த்து நாலு தடவை பார்ப்பார். படிக்க வேண்டியது என்றால் பாதியிலேயே கொட்டாவி வந்துவிடும்.

“நேத்து கோயில்ல நடந்ததைக் கேளு” என்றார் மகளிடம். “உச்சி வெயில். மணல்வெளியில அவனவன் குதிச்சுக் குதிச்சு ஓடறான். நான் சாவகாசமா நடந்து வந்தேன். ஒரு வருஷம் எரிஞ்ச கால்மா, இனிமே எதையும் தாங்கும்.”

“எல்லாம் ரங்கநாதர் புண்ணியம்” என்றாள் உமாமகேஸ்வரி. சொல்ல வேண்டுமே என்று சொன்னாள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான், அவளுக்குத்தான் ஒன்றும் வரவில்லை. ஒரு வருஷம் தூங்காத உடம்பு. அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை, மனசு கட்டை மாதிரி கிடந்தது.

போனை வைத்ததும் கேட்டாள். “புத்தூர் டாக்டர்கிட்ட இன்னிக்கு சொல்லி வெச்சிருக்கு. ஒரு தடவை காட்டிட்டு வந்துடலாங்க.”

“நல்லா இருக்கிற காலை எவனாவது டாக்டர்கிட்ட காட்டுவானா?”

“எனக்காக வாங்களேன்.”

“சரி, வரேன். ஆனா இதுதான் கடைசி. என்ன எண்ணெய்னு அவருக்கும் சொல்லிட்டு வந்துடறேன்.”

அந்தக் கிளினிக்கில் யாராவது ஒருத்தர் முன்னாலேயே போய் டோக்கன் வாங்கி உட்கார வேண்டும். உமாமகேஸ்வரி போய் உட்கார்ந்தாள். நம்பர் கூப்பிடுகிற சத்தமும் ஏதோ ஒரு குழந்தை அழுகிற சத்தமும் காதில் விழுந்துகொண்டே இருந்தன. இனிமேல் ராத்திரி தூங்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுச் சமாசாரம் மாதிரி இருந்தது.

முறை நெருங்கியதும் போன் செய்தாள்.

“பஸ்ஸ விட்டு இறங்கிட்டேன்” என்றார் அவர். “என்னா கும்பல், என்னா தள்ளு. நாலுரோட்டுலேர்ந்து நடந்தே வரேன்.”

“இந்த வெயில்லயா? ஒரு ஆட்டோ பிடிங்களேன்.”

“எனக்கு எதுக்கு ஆட்டோ?”

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே தார் ரோடு பளபளத்தது. அந்த வெயிலில் கையை வீசிக்கொண்டு, நடையில் ஒரு தடுமாற்றம் இல்லாமல் வந்துகொண்டிருந்தார் தாயுமானவன். நிறுத்தியிருந்த வண்டிகளுக்கு மேலே அவருடைய சிரித்த முகம் தெரிந்தது. அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது.

இந்த மனுஷருக்குக் கால் தப்பித்துவிட்டது. இத்தனை நேரம் வராத நம்பிக்கை உமாமகேஸ்வரிக்கு அப்போதுதான் வந்தது. கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

“செருப்ப வெளியவே விட்டுட்டு வாங்க சார்” என்றாள் டோக்கன் கொடுக்கிற பெண் ரேஷ்மா.

வாசல் படியில் நின்று, மனைவியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே காலை உதறிவிட்டு உள்ளே வந்தார். “நீயும் எழுதிக்கம்மா” என்றார் ரேஷ்மாவிடம். “வேப்பெண்ணெயில ஓமத்தைப் போட்டுக் காய்ச்சணும். கால் எரியுதுன்னு யார் வந்தாலும் சொல்லு.”

ரேஷ்மா எழுதவில்லை. வாசலில் கிடந்ததை ஓரமாகத் தள்ளிவைக்கப் போனவள் அங்கேயே நின்றாள். ரோட்டை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். பிறகு திரும்பி அவருடைய வலது காலைப் பார்த்தாள்.

“ஒத்தச் செருப்போடவா சார் நடந்து வந்தீங்க? தார் ரோடு சுட்டது கால்ல தெரியவே இல்லையா?”