டாஸுக்குப் போன குதிரை

ராயப்பனின் ஆல்பத்தில் பல நாட்டு நாணயங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் குதிரை. முதல் பக்கத்தில் கஜகஸ்தான் வெள்ளிக் குதிரை, நாலு காலும் தரையில் படாமல், பிடரி பறக்கப் பாய்ந்துகொண்டிருந்தது. அச்சடித்த நாளிலிருந்து அது தன் பிளாஸ்டிக் டப்பியை விட்டு வெளியே வந்ததே இல்லை.

"என் மேல ஒரு விரல் ரேகை காட்டு, பார்ப்போம்!" என்று அது பக்கத்தில் இருந்த பழைய அயர்லாந்துக் குதிரையைச் சீண்டியது. "நீயும்தான் இருக்கியே, மூக்கெல்லாம் தேஞ்சு, நின்ன இடத்துலயே நின்னுக்கிட்டு!"

அது பதில் சொல்வதற்குள் ராயப்பனின் மகள் ஃபுட்பால் பூட்ஸோடு ஓடி வந்தாள். "அப்பா, டாஸ் போட ஒரு காசு! சீக்கிரம்!"

ராயப்பனின் கை வெள்ளிக் குதிரையைத் தாண்டிப் போய், தேய்ந்ததை எடுத்துக் கொடுத்தது.

மேட்ச் முடிந்ததும் அது சேறும் புல்லுமாகத் திரும்பி வந்தது.

"மேல போனேன்டா! கோல் போஸ்ட்டைத் தாண்டி மேல! பதினோரு பேரும் 'குதிரை, குதிரை'ன்னு கத்துறாங்க. நான் சுத்துறேன், சுத்துறேன், காத்து அப்படியே மூஞ்சில அடிக்குது! விழுந்தா, நான்தான் மேல் பக்கம்!"

ஆல்பமே கனைத்தது. "அப்புறம்? அப்புறம்?"

எல்லாம் அடங்கிய பிறகு, பிடரி பறக்க நின்ற வெள்ளிக் குதிரை டப்பிக்குள்ளிருந்து மெல்லக் கேட்டது:

"அண்ணே, காத்துன்னா எப்படி இருக்கும்?"