வராத சர்வீஸ் மேடம்

“சர்வீஸ் மேடம் வந்து சரி பண்ணட்டும். அவங்க பண்ணி முடிச்சதும் நீங்க கிளம்பிடலாம். நாளையிலேருந்து வேற ஆள் பார்த்துக்கறேன்.”

ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் மேனேஜர் நிதானமாகத்தான் சொன்னார். ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது.

ஆபரேட்டருக்கு முகம் செத்துப்போனது. பதினோரு வருஷமாக அங்கே ரிப்போர்ட் அடிப்பவர். வீட்டில் பள்ளிக்குப் போகும் இரண்டு பெண்கள்.

தப்பு அவருடையதுதான். காலையில் கம்ப்யூட்டரைப் புது வெர்ஷனுக்கு அப்கிரேட் செய்தார். நடுவில் ‘இடம் போதவில்லை’ என்று ஒரு வரி எட்டிப் பார்த்தது. மெஷின் தினமும் எதையாவது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது என்று ஓகே தட்டிவிட்டார். அப்புறம் அது எழுந்திருக்கவே இல்லை. கறுப்புத் திரையில் ‘கெர்னல் பானிக்’ என்று வந்து நின்றது. கம்ப்யூட்டரின் மூலப் புரோகிராமான கெர்னல் முதலில் எழுந்தால்தான் மற்றதெல்லாம் எழும் என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

பத்து நிமிஷத்தில் வருவதாகச் சொன்ன சர்வீஸ் மேடம், கால் மணி கழித்து போன் செய்தார்.

“அண்ணே, என்னால வர முடியல. இயர்போனை மாட்டிக்குங்க. நான் சொல்லச் சொல்ல நீங்களே பண்ணுங்க.”

“நானா? நான் தொட்டுத்தான் மேடம் இப்படி ஆச்சு.”

“பரவாயில்ல, தொடுங்க.”

மேடம் வரவில்லை என்றதும் மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார். டாக்டரைப் பார்க்க நேரமாகிறது என்று ஒரு அம்மா முணுமுணுத்தார். கழுத்தில் கத்தி தொங்கும் நேரத்தில் கைவிட்டுவிட்டாரே என்று ஆபரேட்டருக்கும் மேடம் மேல் ஆத்திரமாக வந்தது. ஆனால் வேறு வழி?

மெஷினை அணைத்துப் போட்டார். மெனு வந்தது. பழைய கெர்னலைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார் மேடம். தட்டினார். எழுந்துவிட்டது!

அதோடு விடவில்லை மேடம். கெர்னல்களை வைக்கிற இடத்தில் எவ்வளவு காலி என்று பார்க்கச் சொன்னார். துளி இடமில்லை. அரதப் பழசான கெர்னல்கள் நாலு அடைத்துக்கொண்டிருந்தன. புதுசு பாதிதான் ஏறியிருந்தது. ஒவ்வொரு கட்டளையையும் எழுத்து எழுத்தாகச் சொல்லி, திருப்பிப் படிக்கச் சொல்லி, அதற்குப் பிறகே என்டர் தட்டவிட்டார். பழசுகள் போயின. புதுசு முழுசாக ஏறியது.

மறுபடி ஸ்டார்ட் செய்தபோது மேனேஜர் பின்னால் வந்து நின்றிருந்தார். புது வெர்ஷன் சமர்த்தாக எழுந்தது. பிரின்டர் ரிப்போர்ட்டுகளைத் தள்ள ஆரம்பித்தது.

“உங்களுக்கு இவ்வளவு தெரியுமா?” என்றார் மேனேஜர். “காலையில சொன்னதை மறந்துடுங்க. இனிமே மெஷின் பொறுப்பும் உங்களுக்குத்தான். அவசரத்துக்கு வராத அந்த மேடத்தோட ஒப்பந்தம் நமக்கு எதுக்கு? இந்த மாசத்தோட நிறுத்திடலாம்.”

ஆபரேட்டர் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். தலையை மட்டும் ஆட்டினார்.

கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று மாடிப்படி இறங்கினார். இரண்டாவது திருப்பத்தில், மடியில் டூல்ஸ் பையோடு படியில் உட்கார்ந்திருந்தார் சர்வீஸ் மேடம். காதிலிருந்து இயர்போனைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“மேடம், நீங்க இங்கயா? உங்க ஒப்பந்தத்தை...”

“கேட்டுச்சுண்ணே. நீங்க போனைக் கட் பண்ணவே இல்லையே.”

“இவ்வளவு தூரம் வந்துட்டு ஏன் மேடம் மேல வரல?”

மேடம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

“வாசல் வரைக்கும் வந்தேண்ணே. நான் சரி பண்ணி முடிச்சதும் உங்களை வேலையை விட்டு அனுப்பிடறதா மேனேஜர் சொல்லிக்கிட்டிருந்தார். அப்புறம் எப்படி உள்ள வர்றது?”