ஏழு கடிதங்களின் அடியில்

“இன்னும் ரெண்டு தப்பு” என்று நோட்டை அவள் பக்கம் தள்ளினேன்.

வன்னிபா சிரித்தாள். மனம் நொந்தாலும் என் மனைவி இப்படித்தான் சிரிப்பாள். தாய்லாந்திலிருந்து அவளை வேல்ஸுக்குக் கூட்டிவந்த இந்த நான்கு வருடத்தில் அது எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் தள்ளினேன்.

திங்கட்கிழமை என் அம்மாவுக்கு இருதயத்தில் ஆபரேஷன். அதற்குள் தன் கையாலேயே இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று வன்னிபாவுக்கு ஆசை. அம்மாவுக்குக் காது மந்தம். இவள் பேசினால் அவருக்குப் பிடிபடாது.

இன்று சனிக்கிழமை. இரண்டு மணிக்குத்தான் ஆஸ்பத்திரியில் உள்ளே விடுவார்கள்.

நான் பள்ளிக்கூட வாத்தியார். பிழையை வட்டம் போட்டதோடு விட்டுவிட மாட்டேன். ‘அன்புள்ள கிளெனிஸ்’ என்று அம்மாவின் பெயரில் தொடங்கி, ‘அன்புடன் வன்னிபா’ வரைக்கும் முழுக் கடிதத்தையும் அடியில் சிவப்பு மையால் எழுதிக் காட்டுவேன்.

இது ஏழாவது.

அவள் நோட்டை எடுத்தபோது முந்தைய பக்கம் புரண்டது. என் சிவப்பு எழுத்தின்மேல் நீல மை தெரிந்தது. அம்மாவின் பெயர்மேல் எழுத்து எழுத்தாக அழுத்தி எழுதியிருந்தாள்.

“என்ன இது? வாத்தியாருக்கே வாத்தியாரா?”

“சும்மாதான்.”

“சும்மாவா? கிறுக்கிக்கிட்டு இருந்த நேரத்துல கடிதத்தையே முடிச்சிருக்கலாமே.”

அவள் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினாள். திரும்பவும் கழற்றினாள்.

“கோவிச்சுக்காதீங்க, அலுன். எங்க ஊர்ல உயிரோட இருக்கறவங்க பேரைச் சிவப்புல எழுத மாட்டோம். செத்தவங்க பேரைத்தான் அப்படி எழுதுவாங்க, சவப்பெட்டி மேல. அம்மாவுக்கு வேற திங்கக்கிழமை...”

அவள் நோட்டை மூடினாள்.

அன்று காலையில்தான் அம்மாவுக்காக உருகி ஜெபித்திருந்தேன். ஆமென் சொன்ன கையோடு சிவப்புப் பேனாவை எடுத்திருந்தேன்.

நான் எழுதிக்கொண்டே போக, இவள் என் பின்னாலேயே வந்து ஒவ்வொன்றாக நீலமாக்கியிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் நான் வருத்தப்படுவேன் என்று நினைத்திருப்பாள். அவள் நினைத்ததைவிட மோசமானவன் நான். கேலி செய்திருப்பேன்.

“இனிமே திருத்த மாட்டேன்” என்றேன். “உன் மனசுல இருக்கிற மாதிரி எழுது. அம்மாவுக்குப் புரியும்.”

அவள் புதுத் தாளை எடுத்து எழுதத் தொடங்கினாள்.

நான் நோட்டைப் புரட்டினேன். என் பெயர் நீலமாகியிருந்தது. என் தங்கை நெரிஸின் பெயரும் அப்படியே. அம்மா தேடுவார் என்று எங்கள் பூனையைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தாள். அதன் பெயரைக்கூட விடவில்லை.

ஒரு பெயர் மட்டும் எல்லாப் பக்கத்திலும், கடைசி வரியில், சிவப்பாகவே இருந்தது.

“இதை ஏன் விட்டே?”

அவள் நிமிராமலே சொன்னாள்: “வாத்தியார் எழுதிக் கொடுத்ததை மொத்தமா மறைச்சா மரியாதையா இருக்காதே. அது என் பேருதானே, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.”

என்னிடம் நீலப் பேனா இல்லை. என் மேசையில் எல்லாமே சிவப்புதான். அவள் கடிதத்தை முடிக்கும்வரை காத்திருந்து, அந்தப் பேனாவைக் கேட்டு வாங்கினேன்.

முதல் பக்கத்தில், அவள் பெயரின்மேல் வைத்த முதல் எழுத்தே கோணிப்போனது.

அவள் எட்டிப் பார்த்தாள். திருத்தவில்லை.