உலகில் ஒன்றே

மழைக்காடுகளில் நீல வெட்சி அழிந்து ஒன்பது வருடமாகிறது. மிச்சமிருந்த ஒரே செடி கோயம்புத்தூரில், தணிகாசலத்தின் பால்கனித் தொட்டியில் நின்றது. 'உலகில் ஒன்றே' என்று அரசாங்கம் கொடுத்த பித்தளைப் பலகையை அவர் தினமும் துடைப்பார். இன்னொன்று எங்காவது வேர்விட்டால் பலகையைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள்.

ஆடி மாதம் தங்கை செண்பகவல்லி வந்து ஒரு கிளை கேட்டாள். கூடப்பிறந்தவளிடம் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கொடுக்கவும் மனசு வரவில்லை. கிளையை வெட்டிச் சமையலறைக்குக் கொண்டுபோய், அடியைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்து, ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பினார். வேர் பிடிக்காமல் போனால் தன் கைராசி என்று அவளே நினைத்துக்கொள்வாள்.

ஐப்பசி அடைமழையில் அவருடைய செடி வேரழுகிச் செத்தது. நகத்தால் கீறிப் பார்த்தார். எந்தக் கிளையிலும் பச்சை இல்லை. கொதிநீரில் முக்கிக் கொடுத்தது நினைவிருந்தும் தங்கைக்கு போன் போட்டார்.

"வல்லி, அந்தக் கிளை... துளிர்த்துச்சா?"

"இன்னும் இல்லண்ணா, குச்சியாத்தான் நிக்குது. வீட்டுல எல்லாரும் பிடுங்கிப் போடுன்னு சொல்றாங்க. எங்கண்ணன் கையால குடுத்தது, வராமப் போகாதுன்னு தினமும் தண்ணி ஊத்திட்டிருக்கேன்."