மயில் மெத்தை

"இதை எரிக்க மாட்டேன் தாயி. வேற இடம் பாருங்க."

ஷாகுல் ஹமீது வெல்வெட் மெத்தையைச் சண்முகவடிவு பக்கம் தள்ளினார்.

தாராவியில் பழைய ஜரிகையை எரித்து வெள்ளி எடுப்பவர் அவர். கல்யாணப் புடவையோ கோயில் குடையோ, உலைக்குள் போய்விட்டால் எல்லாம் ஒன்றுதான். பூவா மாங்காயா என்று பார்க்கிற வழக்கம் கிடையாது. தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்த பிறகு பழைய ஜரிகைக்கு மவுசு கூடி, உலை அணைவதே இல்லை. இன்றைக்குத்தான் அவர் கை நின்றது.

நாவல்பழ நிறத்தில் சதுர மெத்தை. நடுவில் ஒரு மயில். உள்ளே பஞ்சு வைத்து மேலே ஜரிகை ஓட்டியிருந்ததால், தொட்டால் ஒவ்வொரு இறகும் மேடாகத் தட்டுப்பட்டது. வெல்வெட்டை ஒரு பக்கமாகத் தடவினால் இருட்டியது. மறுபக்கம் தடவினால் மயிலைச் சுற்றி வெளிச்சம் வந்தது.

"ஏது இது?"

"எங்க மாமனாரோட தாத்தா சூரத்துல இருந்து கொண்டாந்ததாம்."

"கோட்டை மியூசியத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்க வேண்டிய சாமான். நான் வேணா அங்க ஆளைக் கேட்டுச் சொல்லுதேன்."

"வேண்டாம் பாய். அங்க போயும் திருப்பி வாங்கிட்டு வந்துருவாக."

"யாரு?"

அவள் மெத்தையை மறுபடி அவர் பக்கம் தள்ளினாள்.

"அப்ப எங்கிட்ட குடுங்க. பத்திரமா வச்சிருக்கேன். கஷ்டம் தீர்ந்ததும் வந்து வாங்கிக்கிடுங்க."

"கஷ்டம்னு யாரு சொன்னா? எனக்குத் துட்டு வேண்டாம். வெள்ளியையும் நீங்களே எடுத்துக்கிடுங்க. என் கண்ணு முன்னால எரியணும். அவ்வளவுதான்."

"பைத்தியம் ஆயிட்டீங்களா தாயி? எவனோ ஒருத்தன் கண்ணு நோக உட்கார்ந்து போட்ட வேலை!"

"எனக்குத் தெரியாதா? வருஷா வருஷம் வெயில்ல காட்டி, வேப்பிலை போட்டு எடுத்து வைக்கிறதே நான்தான். கண்ணை மூடிக்கிட்டு அந்த மயிலை வரைஞ்சிருவேன்."

"பின்னே என்ன, மாமியார்கூட சண்டையா?"

"அவுக போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாச்சு." அவளுக்குச் சிரிப்புகூட வந்தது.

மாட்டுங்காவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அவள் கணவர் பிரம்மநாயகத்தை ஷாகுல் ஹமீதுக்கு நன்றாகத் தெரியும். அவர் எழுந்து சட்டையை மாட்டினார்.

"அண்ணாச்சி ஒரு வார்த்தை சொல்லட்டும், எரிச்சிருதேன். வாங்க, கடைக்கே போய்க் கேட்டுருவோம்."

சண்முகவடிவின் சிரிப்பு நின்றது. வாசலை மறித்து நின்றுகொண்டாள்.

"வேண்டாம் பாய்! அவுகளுக்குத் தெரிஞ்சா எல்லாம் போச்சு."

"அப்ப உள்ளதைச் சொல்லுங்க."

அவள் குனிந்து மயிலை ஒருமுறை தடவிக்கொடுத்தாள்.

"இதுல உட்காராம எங்க வீட்டுப் பொண்ணு கழுத்துல தாலி ஏறாது பாய். ஓரத்தை எலி கடிச்சதுக்கே எங்க நாத்தனா கல்யாணத்தை ஒரு வருஷம் தள்ளிப் போட்டாக."

"இப்ப யாருக்குக் கல்யாணம்?"

"வார வெள்ளிக்கிழமை, என் மகளுக்கு. ஆறாங் கிளாஸ் படிக்கா."